புஷ்பம் சொன்னதும் துஷ்யந்தி சொன்னதும்

தரை துடைப்பது, கட்டில் விரிப்பு மாற்றுவது, நோயாளிகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுவது. துஷ்யந்திக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த வேலை இவ்வளவுதான். ஆனால் காலை எட்டு மணிக்கு வெளிநோயாளர் பிரிவின் கதவு திறந்ததும் அவள் கையிலிருக்கும் துடைப்பத்தை வேறு யாராவது வாங்கிக்கொள்வார்கள். அவள் போய் டொக்டரின் மேசைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். பதுளைக்கும் தெமோதரைக்கும் இடையில், மெயின் ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் சின்ன ஆஸ்பத்திரி அது. சுற்றிலும் ஐந்தாறு தேயிலைத் தோட்டங்கள். வருகிற நூறு பேரில் எழுபது பேருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். டொக்டருக்குச் சிங்களமும் இங்கிலீசும் தெரியும். இரண்டு பக்கத்துக்கும் துஷ்யந்தி ஒருத்திதான் வாய்.

மொழிபெயர்ப்பாளர் என்று அங்கே ஒரு பதவி இருக்கவில்லை. அவளை யாரும் அதற்கு நியமிக்கவும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம் ஒரு கிழவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல, டொக்டர் விளங்காமல் விழிக்க, வாளியோடு அந்த வழியாகப் போனவள் நின்று இரண்டு வார்த்தை சொன்னாள். அன்றிலிருந்து அவளுடைய இடம் அந்த மேசை ஓரம்தான்.

சிங்களம் அவள் பள்ளிக்கூடத்தில் படித்தது அல்ல. நெல்லிக்கலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்தவள். பதினாலு வயதில் அப்பா இறந்ததும் பண்டாரவளையில் ஒரு ஓய்வுபெற்ற டீச்சரம்மா வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். ஆறு வருடம் அந்த அடுப்படியில் இருந்தாள். டீச்சரம்மா கெட்டவள் இல்லை; சிங்களம் எழுத்துக்கூட்டி வாசிக்கவும் சொல்லிக்கொடுத்தாள். ஆனால் நீட்டிப் பேசினால் பிடிக்காது. பால் பொங்கி வழிந்தால் ‘பொங்கிவிட்டது’ என்று மட்டும் சொல்ல வேண்டும். ஏன், எப்படி என்று ஆரம்பித்தால் முகம் சுண்டிவிடும். பதில் குறையக் குறையத் திட்டும் குறைந்தது. இருபது வயதில் துஷ்யந்தியால் எதையும் சிங்களத்தில் மூன்று நான்கு வார்த்தைக்குள் சொல்லிவிட முடிந்தது.

அவளை அந்த வீட்டிலிருந்து கூட்டி வரச் செய்தது புஷ்பம். அப்போது புஷ்பம் அவளுடைய அண்ணன் வடிவேலுக்குப் பேசி முடித்த பெண். இன்னும் வீட்டுக்கு வரவில்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவள் வடிவேலிடம் சொல்லியனுப்பினாளாம்: “ஒங்க தங்கச்சி இன்னொருத்தவங்க வீட்டுல சட்டி கழுவிக்கிட்டு இருக்கும்போது நான் வந்து அந்த வீட்டுல வெளக்கேத்த மாட்டேன். மொதல்ல அந்தப் புள்ளய கூட்டியாங்க.” வடிவேல் மறுநாளே பண்டாரவளைக்குப் பஸ் ஏறினான்.

அதன் பிறகு மதினியும் நாத்தனாரும் ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருபத்தாறு வருடம் வாழ்ந்தார்கள். துஷ்யந்திக்கும் கல்யாணம் நடந்தது. அந்த ஆள் கொழும்புக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டான். பிள்ளை இல்லை. புஷ்பத்துக்கு ஒரே மகள், நிஷாந்தினி; அவளை மொனராகலையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வடிவேல் தோட்டத்து ஃபெக்டரியில் கொழுந்து வாடவிடும் மாடியில் வேலை செய்தான். புஷ்பம் மலையில் கொழுந்து எடுத்தாள். மாலையில் இரண்டு பெண்களும் ஒரே அடுப்பில் சமைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் துஷ்யந்திக்கு நல்ல பெயர். அவள் நிற்கிற நாளில் வரிசை பன்னிரண்டு மணிக்கு முடிந்துவிடும். அவள் லீவு போட்டால் இரண்டு மணி தாண்டும். ஒருவர் தான் எந்தக் கல்லில் வழுக்கினார், யார் தூக்கிவிட்டார்கள், அன்றைக்கு மழை எப்படி என்றெல்லாம் ஐந்து நிமிடம் சொல்வார். துஷ்யந்தி சிங்களத்தில், “விழுந்தார், மூன்று நாள், இடுப்பு” என்பாள். டொக்டர் எழுதுவார். அடுத்த நம்பர். ஆட்களும் அவளை வாழ்த்தினார்கள். மத்தியானக் கொழுந்து நிறுவைக்கு முன்னால் மலைக்குத் திரும்பிவிடலாம் அல்லவா? அவளுக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. அதை அவள் பிற்பாடு யாரிடமும் மறைக்கவில்லை.

இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் வருடம் ஆகஸ்ட் மாதம், பெற்றோலுக்கும் மருந்துக்கும் நாடே வரிசையில் நின்ற நேரம், ஒரு புதன்கிழமை அறுபத்தோராம் நம்பர் துண்டோடு புஷ்பம் உள்ளே வந்தாள். வருவதாக வீட்டில் சொல்லவில்லை. துஷ்யந்திக்கே ஆச்சரியம்.

“என்ன மதினி, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“டொக்டர்கிட்டயே சொல்லிக்கலாம்னுதான் வந்தேன்” என்று சொல்லி ஸ்டூலில் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பை மடியில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, மேசையைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தாள். அவள் பேசியது பள்ளிப் பிள்ளை பாடம் ஒப்பிப்பது போல இருந்தது. இடையில் நிறுத்தவேயில்லை.

“ரெண்டு மாசமா ரெண்டு வாய் சாப்பிட்டாலே தொண்டை வரைக்கும் வந்து நிக்குது. ஒடம்பு எளைக்குது, வயிறு மட்டும் எளைக்க மாட்டேங்குது. மலைக்குப் போகும்போது இடுப்புல கட்டுற படங்கு முன்ன கட்டுற எடத்துல இப்ப முடிச்சுக்கு எட்டல. அடிவயித்துல எடது பக்கம் ஈரத்துணிய மடிச்சு வச்ச மாதிரி ஒரு பாரம். குனிஞ்சா கூடவே வருது. அடிக்கடி ஒண்ணுக்கு வருது. தீட்டு நின்னு நாலு வருசமாச்சு, ஆனா அந்த நாள்ல வலிக்குமே, அப்படி இடுப்பு வலிக்குது.”

அறைக்குள் டொக்டரும், மாத்திரை எழுதும் இன்னொரு ஆண் ஊழியரும் இருந்தார்கள். கதவுக்கு வெளியே முப்பது பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொந்த மதினியின் தீட்டைப் பற்றி இரண்டு ஆண்களுக்கு முன்னால் சிங்களத்தில் சொல்ல துஷ்யந்திக்கு நாக்கு எழவில்லை. படங்கு, ஈரத்துணி எல்லாம் டொக்டருக்கு எதற்கு என்றும் தோன்றியது.

“வயிற்றில் காற்று, சாப்பாடு செல்வதில்லை, அடிக்கடி சிறுநீர்” என்றாள் சிங்களத்தில்.

டொக்டர் காய்ச்சல் உண்டா, சிறுநீர் எரிகிறதா, மூட்டு வலி உண்டா என்று கேட்டார்.

“மூட்டு வலி இருக்கா மதினி?”

“மலையில ஏறி எறங்குறவளுக்கு மூட்டு வலி இல்லாமயா?”

“இருக்கிறது” என்றாள் துஷ்யந்தி. டொக்டர் சிறுநீரும் இரத்தமும் சோதிக்க எழுதிக் கொடுத்தார். ஆஸ்பத்திரி லெபில் அப்போது சோதனைக்கான மருந்துகள் தீர்ந்து போயிருந்தன. வெளியே எடுக்கச் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை இரண்டு பேரும் பதுளைக்குப் போனார்கள். கடைத்தெரு சந்தில் பஸீல் என்பவருடைய சின்ன லெப் இருந்தது. துஷ்யந்தியை அவருக்குப் பழக்கம். புஷ்பத்தின் இரத்தத்தை எடுத்துவிட்டு, ஒரு மணித்தியாலம் பொறுக்கச் சொன்னார். இரத்தத்தில் கொஞ்சம் ஒரு மெல்லிய நீண்ட கண்ணாடிக் குழாயில் ஏறி, தாங்கியில் நேராக நின்றது. பக்கத்தில் வேறு ஆட்களின் குழாய்கள் நாலைந்து நின்றன. நேரம் போகப் போக எல்லாக் குழாயிலும் சிவப்பு மெல்லக் கீழே இறங்கி, மேலே வெளிறிய மஞ்சள் தண்ணீர் தெரிந்தது. மற்றவற்றில் ஒரு விரல் அகலம் கூட இறங்கவில்லை. புஷ்பத்தின் குழாயில் ஏறக்குறைய பாதி தூரம் இறங்கியிருந்தது.

பஸீல் குனிந்து அளவைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

“தொண்ணூத்தி நாலு” என்றார். “இது இருவது முப்பதுக்குள்ள இருக்க வேணும். சி.ஆர்.பி.யும் கூட. பிளேட்லட் அஞ்சு லெச்சத்து எம்பதாயிரம். வெள்ளணுவில நியூட்ரோபில் ஏறி லிம்போசைட் எறங்கிக் கெடக்கு. உடம்புல எங்கயோ அழற்சி ஒண்டு ஓடுது தங்கச்சி.”

“எங்கன்னு தெரியுமா?”

“ரெத்தத்துக்கு அது சொல்லத் தெரியாது. ஒரு பல்லு வீங்கினாலும் ஏறும். டொக்டர்ட கட்டாயம் காட்டுங்க, வருத்தத்த வடிவா, ஒண்டும் விடாமச் சொல்லுங்க.”

திங்கட்கிழமை டொக்டர் அந்தத் தாளை வழக்கத்தைவிட நேரம் எடுத்துப் பார்த்தார். அவர் அக்கறையில்லாத ஆள் இல்லை. அன்று காலை மட்டும் நூற்றுப் பத்துப் பேரைப் பார்க்க வேண்டியிருந்தது. தலையை நிமிர்த்தி, “வேறு ஏதாவது சொன்னார்களா? இருமல்? எங்காவது கட்டி? எடை குறைந்ததா?” என்று கேட்டார். புஷ்பம் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். துஷ்யந்தி அவள் பக்கம் திரும்பவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இருப்பதாகவே அவளுக்குத் தோன்றவில்லை. ஒரே வீட்டில் இருப்பவள்தானே.

“இல்லை. காற்றும் மூட்டு வலியும்தான்.”

சிறுநீரில் கொஞ்சம் கிருமி இருந்தது. அதற்கு மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்துச் சோதித்தபோது தொண்ணூற்று நாலு எண்பத்தொன்பது ஆகியிருந்தது. மூட்டுவாதமாக இருக்கலாம் என்று வலி மாத்திரை எழுதினார். பிறகு அந்த டொக்டர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் பழைய கொப்பியைப் பார்த்து அதே மாத்திரையைத் தொடரச் சொன்னார். புஷ்பம் மாத்திரை போட்டுக்கொண்டு மலைக்குப் போனாள். அவள் மறுபடி வயிற்றைப் பற்றிப் பேசவில்லை. கேட்டால், “அதான் டொக்டர்கிட்ட எல்லாம் சொல்லியாச்சே” என்பாள்.

அடுத்த வருடம் மார்ச் மாதம் ஒரு காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்றவள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். முகமும் கையும் குச்சியாக இருக்க, வயிறு மட்டும் ஏழு மாதக்காரி போலப் பெருத்திருந்தது. துஷ்யந்தி அவளைப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். வயிற்றிலிருந்து தண்ணீர் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், இன்னும் ஒரு இரத்தச் சோதனை செய்தார்கள். மூன்றாம் நாள் பெண்கள் வார்டில் நப்லா என்ற இளம் டொக்டர் வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார். அவர் தமிழில் பேசினார். துஷ்யந்திக்குச் செய்ய ஒன்றுமில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்றாள்.

“அம்மா, மொதல்ல இருந்து சொல்லுங்க. எப்ப தொடங்கினது, எப்பிடி இருந்தது?”

புஷ்பம் சொன்னாள். ரெண்டு வாய் சாப்பிட்டால் தொண்டை வரைக்கும் வந்து நிற்பது, படங்கு முடிச்சு எட்டாதது, ஈரத்துணியை மடித்து வைத்தது போன்ற பாரம், குனிந்தால் கூடவே வருவது, நின்றுபோன தீட்டு, அந்த வலி. ஆகஸ்டில் சொன்ன அதே வார்த்தைகள், அதே வரிசையில். ஒன்று கூட மாறவில்லை. துஷ்யந்தி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

நப்லா எல்லாவற்றையும் எழுதினார். பிறகு பழைய ரிப்போட்களை ஒவ்வொன்றாகப் புரட்டி ஆகஸ்ட் மாதத் தாளில் நின்றார்.

“இதுல அப்பவே எல்லாம் ஏறி இருக்கே. இத மட்டும் வச்சு ஒண்டும் சொல்ல ஏலாதுதான். காய்ச்சலுக்கும் ஏறும், வாதத்துக்கும் ஏறும். ஆனா நீங்க இப்ப சொன்னதையும் இதையும் சேத்துப் பாத்திருந்தா அண்டைக்கே ஒரு ஸ்கேனுக்கு எழுதியிருப்பாங்க.” புஷ்பத்தின் முகத்தைப் பார்த்தார். “இதெல்லாம் நீங்க அப்ப டொக்டரிட்ட சொல்லல்லியா அம்மா?”

புஷ்பம் கால்மாட்டில் நின்றவளைப் பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு டொக்டர் பக்கம் திரும்பினாள்.

“இல்லைங்க மிஸ். அப்ப எனக்கு வெக்கமா இருந்துச்சு. சொல்லல.”

நப்லா அதையும் எழுதிக்கொண்டார். சூல்பையில் கேன்சர் என்பதை அன்று மாலை துஷ்யந்தியை மட்டும் வெளியே கூப்பிட்டுச் சொன்னார். வயிறு முழுக்கப் பரவியிருந்தது.

சத்திரசிகிச்சை நடந்தது. எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் துஷ்யந்தி லீவு போட்டுக் கூடப் போனாள். முதல் தடவை திரும்பி வரும்போது பஸ்ஸில் மெதுவாக ஆரம்பித்தாள்.

“மதினி, அன்னைக்கு நீங்க எல்லாந்தான் சொன்னீங்க. நான்தான்…”

“பேசாம வா புள்ள. ஆளுக பாக்குறாங்க.”

“எதுக்கு டொக்டரம்மாகிட்ட அப்படிச் சொன்னீங்க?”

புஷ்பம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “அந்த மிஸ் எழுதிக்கிட்டே இருந்துச்சு. ஒன் பேரையும் எழுதி, ஒன்ன வேலைய விட்டு நிப்பாட்டிட்டா? அப்புறம் நம்ம ஆளுகளுக்கு அங்க யாரு இருக்கா?” என்றாள்.

இதோடு முடிந்திருந்தால் துஷ்யந்தி அதை ஒரு மன்னிப்பாக எடுத்துக்கொண்டிருக்கக்கூடும். புஷ்பம் தெய்வம் இல்லை. வலி உள்ள மனுஷி. நாலாம் தடவை மருந்து ஏற்றி வந்த வாரம், ஒரு மத்தியானம் துஷ்யந்தி கஞ்சி கரைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். புஷ்பம் ஒரு வாய் குடித்து ஓங்காளித்தாள். கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள். கஞ்சி பாயெல்லாம் கொட்டியது. துஷ்யந்தி துணி எடுத்துத் துடைக்கக் குனிந்தபோது அவள் பேசினாள்.

“அன்னைக்கு நான் எத்தன வார்த்த சொன்னேன், ஞாபகம் இருக்கா ஒனக்கு?”

துஷ்யந்தி துடைப்பதை நிறுத்தினாள்.

“மூணு நாளு துஷி. மூணு நாளு மலையில கொழுந்து எடுத்துக்கிட்டே யோசிச்சேன், டொக்டர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு. எத மொதல்ல சொல்றது, எத அப்புறம் சொல்றதுன்னு அடுக்கி அடுக்கி வச்சேன். நமக்குப் படிப்பு இல்ல, ஒளறக் கூடாதுன்னு வாய்க்குள்ளயே சொல்லிச் சொல்லிப் பாத்தேன். அந்த ஈரத்துணி விசயம் கண்டுபிடிக்கவே ஒரு நாளாச்சு. வேற எப்படியும் சொல்ல வரல.” மூச்சு வாங்கியது. நிறுத்திவிட்டுத் தொடர்ந்தாள். “நான் அவ்வளவு நேரம் சொன்னேன். நீ சட்டுனு முடிச்சிட்ட. எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு. ஆனா சிங்களத்துல அவ்வளவையும் சுருக்கமா சொல்லலாம் போலன்னு நெனச்சுக்கிட்டேன்.”

துஷ்யந்தி அவள் காலில் விழுந்தாள். கஞ்சி ஈரத்தில் முழங்கால் நனைய, அந்த வீங்கிய பாதங்களைப் பிடித்துக்கொண்டு அழுதாள். புஷ்பம் காலை இழுத்துக்கொள்ளவில்லை. ‘எழுந்திரு’ என்றும் சொல்லவில்லை. சுவர்ப்பக்கம் பார்த்துப் படுத்திருந்தாள். மாலையில் தண்ணீர் கேட்டாள்; துஷ்யந்தி கொடுத்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு அவர்களுக்குள் வரவேயில்லை. ஆனால் கஞ்சி மட்டும் துஷ்யந்தி கையால் கொடுத்தால்தான் குடிப்பாள். நிஷாந்தினி மொனராகலையிலிருந்து வந்து தங்கியிருந்த நாட்களிலும் அப்படித்தான்.

ஒருநாள் துஷ்யந்தி தனியாகப் பதுளைக்குப் போய் நப்லாவைத் தேடிப் பிடித்தாள். வார்டு வராந்தாவில் நின்றபடியே சொன்னாள்.

“மிஸ், மதினி அன்னைக்கு உங்ககிட்ட பொய் சொன்னாங்க. அவங்க எல்லாத்தையும் சொன்னாங்க. நான்தான் டொக்டருக்குச் சொல்லல.”

நப்லா அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். “எனக்கு அண்டைக்கே வெளங்கினது” என்றார். “அவ்வளவு வடிவாச் சொல்லத் தெரிஞ்ச மனிசி முந்தி சொல்லாம இருந்திருக்க மாட்டாங்க.”

“அப்பவே கண்டுபிடிச்சிருந்தா பொழச்சிருப்பாங்களா மிஸ்?”

“சொல்ல ஏலாது.”

“கொஞ்சமாவது சொல்லுங்க மிஸ். ஆமாவோ இல்லையோ.”

“உண்மையாவே ஏலாது. இந்த நோய் அப்பவே பரவியிருந்திருக்கலாம். பரவாமலும் இருந்திருக்கலாம். ரெத்தத்துல இருந்தத வச்சு அத நான் இப்ப சொன்னா, அது பொய்.” அவர் துஷ்யந்தியின் தோளைத் தொட்டார். “அந்த மேசைக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர வச்சிருக்க வேணும். அது உங்கட பிழை மட்டுமில்ல.”

‘மட்டுமில்ல’ என்ற அந்த ஒரு வார்த்தையை துஷ்யந்தி பஸ்ஸில் வழிநெடுக நினைத்துக்கொண்டே வந்தாள்.

இரண்டாயிரத்து இருபத்துநாலு தைப்பொங்கல் முடிந்த ஐந்தாம் நாள், மத்தியானம், லயத்து அறையிலேயே புஷ்பம் இறந்தாள். வடிவேல் ஃபெக்டரியிலிருந்து ஓடி வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கடைசி அரைமணி நேரம் துஷ்யந்திதான் பக்கத்தில் இருந்தாள். புஷ்பம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. துஷ்யந்தி காதை அவள் வாயருகில் வைத்துக் கேட்டாள். மூச்சுக்காற்று மட்டும் பட்டது. என்ன சொல்ல வந்தாள் என்பது யாருக்கும் தெரியாது.

கருமாதி முடிந்து உறவுகள் கலைந்த மறுநாள், துஷ்யந்தி அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று நிஷாந்தினி பிறகு பலமுறை சொன்னாள். ஆனால் துஷ்யந்தியால் முடியவில்லை. எதையும் சுருக்காமல் சொன்னாள். அறுபத்தோராம் நம்பர் துண்டிலிருந்து, டொக்டர் இரண்டாம் முறை கேட்டபோது தான் திரும்பிக்கூடப் பார்க்காதது வரை.

வடிவேல் குந்தி உட்கார்ந்து தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டான்.

“இது அவளுக்குத் தெரியுமா?”

“தெரியும் அண்ணே.”

“அவளுக்குத் தெரிஞ்சும் எங்கிட்ட சொல்லல.”

அவன் எழுந்து வெளியே போய்ப் பீலித் தண்ணீரில் முகம் கழுவினான். நீண்ட நேரம் கழுவிக்கொண்டே இருந்தான். அன்றிலிருந்து அவன் தங்கச்சியோடு பேசவில்லை. சண்டையும் போடவில்லை, பக்கத்து அறைக் கதவைச் சாத்தவுமில்லை. அவள் வைத்த சோற்றைச் சில நாள் தின்றான், சில நாள் தின்னவில்லை. இரண்டு மாதத்தில் வேலையிலிருந்து நின்று மகளோடு மொனராகலைக்குப் போய்விட்டான். அங்கே கரும்புத் தோட்டத்தில் காவல் வேலை கிடைத்ததாகச் செய்தி வந்தது.

துஷ்யந்தி ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாள். மேசையோரம் அவளுடைய இடம் அப்படியே இருந்தது. அவள்தான் முந்திய மாதிரி இல்லை. ஆட்கள் சொல்வதை முழுக்கக் கேட்டாள். நிறுத்தியவர்களை, “வேற என்ன இருக்கு? சொல்லுங்க” என்று தூண்டினாள். வழுக்கிய கல்லையும் பெய்த மழையையும் சேர்த்தே டொக்டரிடம் சொன்னாள். தீட்டைப் பற்றி, வெள்ளைபடுவதைப் பற்றிச் சொல்லத் தெரியாத சிங்கள வார்த்தைகளை நர்ஸ்மாரிடம் கேட்டுப் பாடமாக்கினாள். பெண்களுக்கு வெட்கமாக இருந்தால் அறையிலிருக்கும் ஆண் ஊழியரை வெளியே போகச் சொன்னாள். அதற்காக ஒருமுறை அவர் புகார் எழுதிக் கொடுத்தார்.

வரிசை நீண்டது. மத்தியானம் இரண்டு மணியானது, இரண்டரையானது. புதிதாக வந்திருந்த டொக்டரம்மா ஒருநாள் பேனையை வைத்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டார்: “இவ்வளவு நேரம் ஏன்?”

“அவங்க அவ்வளவு சொன்னாங்க மிஸ்.”

டொக்டரம்மா பெருமூச்சு விட்டு மறுபடி எழுதினார். ஆனால் வரிசையில் நிற்பவர்களின் முணுமுணுப்பைத் தாங்குவதுதான் கடினமாக இருந்தது. முன்பு வாழ்த்தியவர்களே, “இந்தப் புள்ளக்கி என்னமோ ஆயிருச்சு, ஒண்ணுக்கு ஒம்போது கேள்வி கேக்குது” என்று அவள் காதுபடப் பேசினார்கள். அவள் அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

ஒரு வருடம் போனது. புஷ்பத்தின் திவசத்துக்காக வடிவேல் மொனராகலையிலிருந்து வந்தான். படையல் முடிந்த மறுநாளிலிருந்து அவனுக்கு நெஞ்சு இறுக்கமாக இருந்திருக்கிறது. பிரஷர் கிளினிக் கொப்பி இன்னும் அதே ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் தனியாகவே போய்த் துண்டு எடுத்து வரிசையில் உட்கார்ந்தான். நாற்பத்தேழாம் நம்பரைக் கூப்பிட்டபோது உள்ளே வந்தது அண்ணன் என்று துஷ்யந்தி அறிந்தாள். ஆள் மெலிந்திருந்தான். மீசை முழுக்க வெளுத்திருந்தது.

ஸ்டூலில் உட்கார்ந்ததும் டொக்டரம்மா வழக்கம்போல துஷ்யந்தியைப் பார்த்தார். துஷ்யந்தி, “சொல்லுங்க அண்ணே, என்ன செய்யுது?” என்றாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

வடிவேல் அவள் பக்கம் திரும்பவில்லை. நெஞ்சில் கையை வைத்து, டொக்டரம்மாவைப் பார்த்து, “பபுவ… ரிதெனவா” என்றான்.

நெஞ்சு வலிக்கிறது என்ற அந்த இரண்டு சிங்களச் சொற்களையும் அவன் தேடித் தேடிச் சொன்னான். கரும்புத் தோட்டத்தில் பொறுக்கிய சிங்களம். எப்போதிருந்து என்று டொக்டரம்மா கேட்டார். இரண்டு விரலைக் காட்டி நாள் என்பதற்குப் பதிலாக மாதம் என்று சொல்லிவிட்டான். துஷ்யந்தியின் வாய் திறந்து மூடியது.

“இரண்டு மாதமாகவா?” டொக்டரம்மா நிமிர்ந்தார். துஷ்யந்தியிடம், “நீங்கள் கேளுங்களேன்” என்றார்.

“ரெண்டு நாளா, ரெண்டு மாசமா அண்ணே?”

அவன் டொக்டரம்மாவிடமே மறுபடி இரண்டு விரலைக் காட்டி, சூரியன் உதித்து மறைவதைப் போலக் கையை இரண்டு முறை வளைத்துக் காட்டினான். டொக்டரம்மாவுக்கு விளங்கியது. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார், ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். பயப்பட ஒன்றுமில்லை, பிரஷர்தான் ஏறியிருக்கிறது என்று மாத்திரையை மாற்றி எழுதினார். அது முழுவதும் துஷ்யந்தி மேசையோரம் நின்றாள். அவளைக் கேட்க ஒன்றுமிருக்கவில்லை.

அவன் மருந்துச் சன்னலில் மாத்திரை உறையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். உறையில் எழுதியிருந்தது சிங்களத்தில். பேசப் பழகியிருந்தானே தவிர வாசிக்கத் தெரியாது. துஷ்யந்தி உள்ளே சொல்லிவிட்டு வெளியே வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

“குடுங்க அண்ணே. வாசிக்கிறேன்.”

அவன் உறையைப் பிடித்தபடியே இருந்தான். பின்னால் நின்ற கிழவி, “வழிய விடுப்பா” என்றாள். அவன் ஓரமாக நகர்ந்து, அவளைப் பார்க்காமலேயே உறையை நீட்டினான்.

துஷ்யந்தி வாசித்தாள். வெள்ளை மாத்திரை காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு. சின்னது ராத்திரி ஒன்று, தண்ணீரோடு. ஒரு நாள் மறந்தால் அடுத்த நாள் இரண்டாகப் போடக் கூடாது. கீழே பொடி எழுத்தில் அச்சடித்திருந்த, வெயில் படாத இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்கவும் என்பதையும் வாசித்தாள். அவன் குனிந்த தலையோடு கேட்டான். வாசித்து முடித்ததும், “ம்” என்றான். உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மொனராகலை பஸ் நிற்கும் சந்தியை நோக்கி இறங்கிப் போனான்.

அவன் வளைவில் மறையும்வரை அவள் அங்கே நின்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், நாற்பத்தெட்டாம் நம்பரைக் கூப்பிட்டாள்.